நில் என்று கத்தும் ஆயா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அதோடு நிறுத்திவிட்டார்கள். வயதும் ஆகிவிட்டது. முன்னால் நடந்தது பின்னால் வரும், சிலது வராமலே போகும். பொறுத்துப் படிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வேர்த்துவிடும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் புருஷனுக்குப் போன மாதம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இப்போது கை கால் பழக்குகிற வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். "அங்க என்ன பெரியம்மா செய்வாங்க? எப்பத்தான் பழையபடி ஆவாரு?" என்று கேட்டு அழுதாள். அப்படி ஒரு வார்டில் என் வீட்டுக்காரரைப் போட்டுவிட்டு நானும் காத்திருந்தவள்தான். அங்கே இருந்த ஆயாவைப் பற்றி எழுதினால் அவளுக்கு ஏதாவது உதவுமோ என்று தோன்றியது.

அது மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகள், காட்டைச் சுற்றிப் பட்டாளம், நடுவில் நாங்கள். தோட்டத்துக் கூலிகளான நாங்கள் அங்கங்கே குடியிருந்த லயத்து வீடுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் வேலிக்கு வெளியே தலை காட்டக் கூடாது. பட்டாளத்துக்காரர் கத்தினால் நின்ற இடத்தில் நின்று கையைத் தூக்க வேண்டும். காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமென்று, வேலி வாசலில் சோற்றுப் பானையைக்கூடக் குச்சியால் குத்திப் பார்த்துத்தான் விடுவார்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரப்பர்ப் பால் ஏற்றுகிற லாரி மழையில் வளைவில் கவிழ்ந்து, பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரருக்குத் தலையில் அடிபட்டது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். வலது கை, வலது கால் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. சொன்னது பாதி விளங்கும், பதில் வராது. "இனி மருந்து இல்ல, பழக்கம்தான்" என்று சொல்லி, பெடாஸ் பக்கம் இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கடைசி வார்டில் அவரைப் போல் ஆறேழு பேர். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்தான் ஆயா.

பெரிய உடம்பு. வெள்ளைச் சேலை. சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அவரைப் போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. கதவைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மழை வந்தால் கூரை, வெயில் அடித்தால் தீ, ஆள் தூங்கினால் மூச்சு. எல்லாவற்றுக்கும் ஒரு பயம் வைத்திருப்பார். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் என் மாமியாரும் போனபோது வா என்றுகூடச் சொல்லவில்லை.

"சொல்லி வச்சிடுறேன் தாயி. காரணம் இல்லாம அழுவான். அழுற நேரத்துல சிரிப்பான். உன்ன அடையாளம் தெரியும், ஆனா வேற என்னமோ சொல்லிக் கூப்பிடுவான். கோவத்துல அடிச்சாலும் அடிப்பான். கொஞ்சம் நல்லா வரும், அப்புறம் அப்படியே நின்னுடும். அப்ப மனசு விட்டுடாத."

மாமியாருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏ ஆயா, வாயக் கழுவு! நல்ல வார்த்த ஒண்ணு வராதா உனக்கு?"

"நல்லது அதுவா வரும் அக்கா, அதுக்கு நான் எதுக்கு? கெட்டதத்தான் முன்னாடியே சொல்லி வைக்கணும்."

வீடு திரும்பும்வரை மாமியார் லாரியில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆயா சொன்னதில் ஒன்றும் பொய்யாகவில்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

சாப்பாடு கொடுப்பதிலும் அதே பயம்தான். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கரண்டி கொடுத்துவிட்டு, தொண்டையில் விரலை வைத்துப் பார்ப்பார். "இறங்கிடுச்சா?" இறங்கினால்தான் அடுத்த கரண்டி. என் வீட்டுக்காரருக்குத் தாகமாக இருக்குமே என்று ஒரு நாள் நான் குவளையில் தண்ணீர் எடுத்துப் போனேன். ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கஞ்சி குடு, வேணாங்கல. தண்ணிதான் மோசம். கஞ்சி வழி பாத்துப் போகும், தண்ணி வழி தவறிடும்."

பக்கத்துக் கட்டிலில் தட்டில் பாதிச் சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டு, சோறு போதவில்லை என்று சண்டை போடும் பெரியவர் ஒருவர் இருந்தார். தட்டின் இடது பாதி அவர் கண்ணுக்கே படாது. ஆயா தட்டைத் திருப்பி வைப்பார். "இப்பத்தான் ஒழுங்காப் போட்டிருக்க" என்று பெரியவர் மீதியைச் சாப்பிடுவார்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது. அந்தக் கத்தல்தான் புரியவில்லை.

வார்டுக்குப் பின்னால் இரண்டு நீளக் குழாய்களை இடுப்பு உயரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக வேண்டும். என் வீட்டுக்காரர் காலை இழுத்து இழுத்து முதன்முதலாக நடந்த ஞாயிறு, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயா சத்தமில்லாமல் அவருக்குப் பின்னால் போய் நின்று, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் போட்டார்.

"ஹால்ட்! பெர்ஹென்தி! நில்லுடா!"

இங்கிலீஷ், மலாய், தமிழ், மூன்றிலும். எந்தப் பட்டாளம் எதில் கத்துமோ தெரியாதல்லவா. அவர் அதிர்ந்துபோய்க் குழாயை விட்டுவிட்டார். கட்டியிருந்த சாரம் நனைந்துவிட்டது. பொண்டாட்டி முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று அழுதார். நானும் அழுதேன். ஆயா கீழே விழாமல் அவரைத் தாங்கிப் பிடித்தபடி, "நிக்கல பாத்தியா, நிக்கல பாத்தியா" என்று முனகிக்கொண்டிருந்தார்.

நான் எங்கும் புகார் சொல்லுகிறவள் இல்லை. அன்று எப்படியோ டிரெசர் அறைக்குப் போய்விட்டேன். கட்டுப் போடுவதிலிருந்து மருந்து கொடுப்பதுவரை அங்கே எல்லாம் டிரெசர்தான். பொறுமையான மனிதர்.

"சீக்காளிய இப்படிப் பயமுறுத்தலாமாங்க ஐயா?" என்றேன்.

"உக்காரு தாயி. இங்கருந்து ஒருத்தன் வீட்டுக்குப் போனான். நல்லா நடந்தான், அதான் வினையாப் போச்சு. அந்தக் காலுக்கு நடக்க வந்துச்சு, சட்டுனு நிக்க வரல. காலையில ஒதுங்கப் போனவனப் பாத்து, பட்டாளத்துக்காரனுங்க யாருன்னு கத்தியிருக்கானுங்க. நாலு எட்டு வச்சுத்தான் நிக்க முடிஞ்சுது. அதுக்குள்ள சுட்டுட்டானுங்க. அவன நடக்கப் பழக்கினது ஆயாதான். அதுலேருந்து மொதல்ல நிக்கிறது, அப்புறம்தான் நடக்கிறதுன்னு வச்சிருக்கு. நான் வேணாம்னு சொல்லல."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதுவரை அவர் நடக்க வேண்டும், பேச வேண்டும் என்றுதான் மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நடந்துவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது.

நிற்பது மட்டும் போதாது, கையையும் தூக்க வேண்டும். விளங்காத கையை எப்படித் தூக்குவது? இரண்டு கை விரல்களையும் ஒன்றோடொன்று கோர்த்து, நல்ல கையால் அதைத் தலைக்கு மேலே இழுக்கப் பழக்கினார் ஆயா. விளங்காத கை எப்போதும் இறுக மூடிக்கொண்டே இருந்தது. நகம் உள்ளங்கையில் குத்தாமலிருக்க, அதற்குள் ஒரு துணிச் சுருளை வைத்துவிடுவார். அடையாளக் கார்டை நூலில் கட்டி, சட்டைக்கு வெளியே கழுத்தில் தொங்கவிட்டார். "பையில கை விட்டா, துப்பாக்கி எடுக்கிறான்னு நெனப்பானுங்க."

கடைசி வார்டு முழுக்க இதே பாடம்தான். ஒரு நாள் சமையல்கட்டுக்குள் நாய் நுழைந்துவிட்டதென்று டிரெசர் "ஏய்! நில்லு!" என்று கத்த, வார்டில் இருந்த அத்தனை பேரும் படுத்தபடியே கையைத் தூக்கிவிட்டார்கள். நாய் மட்டும்தான் நிற்கவில்லை. டிரெசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆயா சிரிக்கவில்லை. யார் கை முதலில் போனது, யார் கை பிந்தியது என்று கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போனார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவனுக்கு வாய் வராது. பேரு கேட்டா நீதான் சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம். இவன் பேரு என்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ஏற்கெனவே பாதி ஆயுசு போய்விட்ட மாதிரி கிடக்கிறார். நான் வேறு சொல்லிக் குறைக்கவா? பக்கத்தில் மாமியாரும் நின்றார்.

"ராமையான்னு எனக்குத் தெரியும், கட்டில்ல எழுதித் தொங்குது. உன் வாயால சொல்லு."

"அது பழக்கமில்ல ஆயா" என்றார் மாமியார் எனக்காக. "எங்க வீட்டுல யாரும் சொல்ல மாட்டோம்."

"துப்பாக்கிக்கு அந்தப் பழக்கம் தெரியாது அக்கா."

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரருக்கு ஒரு சொல் வந்துவிட்டது. ஊசி போட வந்த டிரெசரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை. அம்மாவை இழுத்துச் சொல்கிற வார்த்தை, இங்கே எழுத முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. ஆயா அன்றைக்கு ஒருநாள்தான் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது.

"வந்துடுச்சு லா! கெட்ட வார்த்ததான் மொதல்ல வரும். வழி தொறந்துடுச்சு."

"என்னைத் திட்டித்தான் தொறக்கணுமா?" என்றார் டிரெசர்.

உடனே ஆயா முகம் மாறிவிட்டது. "ஐயையோ, பட்டாளத்துக்காரன் முன்னாடி இதச் சொல்லிட்டா?"

கட்டில் தேவைப்படுகிறது, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டிரெசர் சொன்ன அன்று ஆயா முடியாது என்று நின்றார். கத்தினால் இன்னும் ஓர் எட்டு வைத்துவிட்டுத்தான் நிற்கிறான் என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம். ஆனாலும் அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. புறப்பட்டுவிட்டோம். லாரியில் ஏறிய பிறகு பார்த்தால், ஆயாவும் பின்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

வேலி வாசலில் இறங்கி, காவல்காரர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் என் வீட்டுக்காரரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இந்த மூஞ்சியப் பாத்துக்கங்க. ஊமையில்ல, காது கேக்கும். பதில்தான் வராது. கை மூடித்தான் இருக்கும், அதுல ஒண்ணுமில்ல. நடுராத்திரி கேட்டாலும் தெரியணும்."

"தெரியுது ஆயா, தெரியுது" என்று சிரித்தார்கள். ஆயா போகும்போது என் காதருகே வந்தார்.

"இவங்களுக்குத் தெரியும். பட்டாளம் மாறிக்கிட்டே இருக்கும். என்னமாச்சும்னா நீ ஓடாத. ஓடுறவங்களத்தான் சுடுவானுங்க. கூவிக்கிட்டே நட."

கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் நான் பால் வெட்டப் போய்விடுவேன். அவர் மாமியாரோடு லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பார். போகிற எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அது எனக்குத் தெரிந்தும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவேன்.

அப்படி ஒரு நாள், பொழுது நன்றாக விடிந்த பிறகு, மாமியார் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவர் எழுந்து நடந்திருக்கிறார். வேலி வாசலில் தடுக்கவில்லை. தெரிந்த முகமாயிற்றே! ஆயா சொல்லி வைத்தது அப்படிப் போய் முடிந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நான் வெட்டும் மர நிரையைத் தேடி வந்துவிட்டார். அந்தப் பக்கம் அன்றைக்குப் புதுப் பட்டாளம் இறங்கியிருந்தது எங்களுக்கே தெரியாது.

"ஹால்ட்!"

நிரை முழுக்கப் பால் வெட்டிக்கொண்டிருந்த எல்லாருடைய கையும் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவில் அவர். அந்தப் பக்கம் துப்பாக்கிகள்.

அவர் நின்றுவிட்டார். ஓர் எட்டுகூட வைக்கவில்லை. தடியைக் கீழே போட்டார். விளங்காத கையின் விரலைப் பிரிக்க நேரமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, நல்ல கையால் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே தலைக்கு மேலே இழுத்தார். மூடிய கை மூடியபடியே மேலே போனது. துணிச் சுருளின் நுனி வெளியே தெரிந்தது. கைகுண்டு என்று நினைத்தார்களோ, அதைப் பார்த்ததும் பட்டாளத்துக்காரர்கள் சட்டென்று குனிந்து மரத்துக்குப் பின்னால் போனார்கள். கையைத் திற, திற என்று என்னென்னவோ கத்தினார்கள். அவரால் எப்படித் திறக்க முடியும்? கை மேலேயே நின்றது.

நான் பால் வெட்டும் கத்தியைக் கீழே போட்டேன். ஓடவில்லை. கால் ஓடத்தான் பார்த்தது. "துவான்! சாக்கிட், துவான்! சாக்கிட்!" என்று கூவிக்கொண்டே நடந்தேன். ஐயா, சீக்காளி என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். அவர்களோடு வந்திருந்த மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, என் வீட்டுக்காரர் கழுத்தில் தொங்கிய கார்டை எட்டிப் பிடித்துப் பார்த்தார். கார்டில் இருந்த முகம் நிறைந்த முகம். இங்கே நிற்பவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, கன்னம் ஒட்டி, தலையில் தழும்பு. போலீஸ்காரர் கார்டைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார்.

"சியாப்பா நாமா?" பேர் என்ன என்று அவரிடம் கேட்டார். அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்தக் கெட்ட வார்த்தை வந்துவிடப் போகிறதே என்று அந்த வாயையே பார்த்தேன். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "சியாப்பா நாமா?"

சொன்னால் ஆயுசு போகும் என்கிறது ஒன்று. சொல்லாவிட்டால் இதோ போகிறது என்கிறது இன்னொன்று. பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"ராமையா! அவர் பேரு ராமையா! ராமையா!"

ஒரு தரம் சொன்னால் போதாதா? நான் நிறுத்தவில்லையாம். அடுத்த நிரையில் வெட்டியவர்களுக்குக்கூடக் கேட்டதாம். அதற்குப் பிறகு பல வருஷம் லயத்துப் பெண்கள் என்னைக் கண்டால், "என்னா ராமையா, எங்க கெளம்பிட்ட?" என்றுதான் கேட்பார்கள்.

கையைத் தூக்கியபடி நின்றவர் என்னைப் பார்த்தார். வாயின் நல்ல பக்கம் விரிந்தது. சிரித்தார். துப்பாக்கி முன்னால், கண்ணில் தண்ணீர் வழிய, அடக்க மாட்டாமல் சிரித்தார். பட்டாளத்துக்காரன் ஒருவன் துப்பாக்கியை இன்னும் உயர்த்தினான். போலீஸ்காரர் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, அவருடைய மூடிய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். துணிச் சுருள் கீழே விழுந்து, உருண்டு, பிரிந்து கிடந்தது. வெறும் துணி. போலீஸ்காரரும் அப்போதுதான் மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன்.

அது நோய்ச் சிரிப்பா, என் வாயில் பேரைக் கேட்ட சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குப் பிறகு கொஞ்சம் பேச்சு வந்தபோது கேட்டுப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு ஆயாவைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றதையும், நான் பேர் சொன்னதையும் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சிரிச்சானா?"

"ஆமா ஆயா."

"துப்பாக்கிக்கு முன்னாடியா? ஐயையோ, சிரிக்கக் கூடாதே தாயி! கேலி பண்றான்னு நெனச்சிருந்தா? துணிய வேற மடிச்சுல்ல வச்சேன்… இனிமே வெள்ளத் துணி, வெளிய தொங்குற மாதிரி வைக்கணும். அவன அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வா. சிரிப்ப நிறுத்தணும்."

கூட்டிக்கொண்டு போனோம். கடைசி வார்டில் எல்லாரையும் கையைத் தூக்கியபடி உட்கார வைத்திருந்தார் ஆயா. பாதித் தட்டுப் பெரியவருக்குப் பச்சையான கதைகள் நிறையத் தெரியும். அவரை நடுவில் உட்கார வைத்துச் சொல்லச் சொன்னார். யாரும் சிரிக்கக் கூடாது. நான் வெளியே ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். உள்ளே முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். "பாத்தியா, பாத்தியா" என்று ஆயா கவலைப்படுகிற சத்தமும் கேட்டது. சிரிக்காமல் நிற்பது மட்டும் என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை வரவே இல்லை.

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். ஆஸ்பத்திரி பெடாஸுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்கூட எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த வார்டில் கிடந்தவர்கள் வீட்டார் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று: விரல்களைக் கோர்த்துக் கையைத் தூக்கும்போது, எந்தக் கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும் என்று ஆயா சொல்வார்? விளங்காத கையின் கட்டைவிரல் என்றுதான் எனக்கு ஞாபகம். எதிர்வீட்டுப் பெண்ணிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.